அலகைக்கு எத்தனை பக்கம்?

(வில்லியம் பீட்டர் பிளாட்டியின் 'தி எக்சார்சிஸ்ட்' புதினத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்)

சில நூல்களைப் படித்து முடித்தவுடன் நண்பர் ஒருவருக்குக் கொடுக்கத் தோன்றும். வேறு சிலவற்றைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கத் தோன்றும். இவ்விரு எண்ணங்களையும் ஒருசேர எழுப்பும் நூல் அரிது. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பீட்டர் பிளாட்டி எழுதி 1971இல் வெளிவந்த 'தி எக்சார்சிஸ்ட்' என்னும் புதினம் அத்தகையது. 'பேயோட்டுபவர்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இலட்சக்கணக்கானோர் வாங்கிப் படித்த நூல் அது. 1973ஆம் ஆண்டின் இறுதியில் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியதால், நூலைத் தொடாதவர்களும் அதன் கதையை ஏதோ ஒரு வகையில் அறிந்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் ஒருவர், கத்தோலிக்கக் குருக்களைக் கதைமாந்தராக்கி, திருச்சபையின் சடங்கு ஒன்றை நடுவில் நிறுத்தி எழுதிய கதை என்பதால், அதைப் பற்றிப் பேசுவது நம் வீட்டுக் காரியமும் ஆகிறது.

இந்நூலை நான் இரண்டு முறை படித்தேன். முதன்முறை விறுவிறுப்புக்காக, இரண்டாம் முறை, அவ்விறுவிறுப்பு என்னிடம் எதைத் தந்து எதை எடுத்துக்கொண்டது என்று பார்ப்பதற்காக. இரண்டு வாசிப்புக்குப் பிறகும் மனம் ஒருநிலைப்படவில்லை. மதிப்பும் மனக்குறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டுக்கும் உரிய காரணங்களை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் பிறந்த விதம்

பிளாட்டி 1928இல் நியூயார்க் நகரில், லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் வறுமையை அறிந்தவர். இயேசு சபையாரின் பள்ளியிலும், பின்னர் வாஷிங்டனில் அவர்கள் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1949இல் அவர் அங்கே மாணவராயிருந்தபோது, மேரிலாந்து மாநிலத்துச் சிறுவன் ஒருவனுக்குப் பேயோட்டும் சடங்கு நடத்தப்பட்டதாக நாளேட்டில் செய்தி வந்தது. செயின்ட் லூயிஸ் பேராயரின் அனுமதியோடு இயேசு சபைக் குரு ஒருவர் அதை நடத்தியிருந்தார். இளைஞர் பிளாட்டியின் மனத்தில் அச்செய்தி விதைபோல் விழுந்து இருபது ஆண்டுகள் கிடந்தது. இடைக்காலத்தில் அவர் நகைச்சுவைக் கதைகளும் திரைக்கதைகளும் எழுதிப் பிழைத்தார். பிறகு, உண்மையான சிறுவனின் அடையாளம் வெளிப்படாதிருக்க அவனைச் சிறுமியாக மாற்றி, இப்புதினத்தை எழுதினார். அந்தப் பழைய நிகழ்ச்சியை மனநலம் சார்ந்த காரணங்களால் விளக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தோர் சிலர் எழுதியிருக்கிறார்கள். பிளாட்டியோ 2017இல் இறக்கும்வரை தம் கருத்தில் உறுதியாக இருந்தார். தீமைக்கு அறிவும் விருப்பமும் உடைய ஒரு மூலம் உண்டென்று உணரும் மனிதர், நன்மைக்கும் அப்படி ஒரு மூலம் உண்டென்று எண்ணத் தொடங்குவார் என்பது அவருடைய நம்பிக்கை. மக்களை நடுங்கவைத்து விசுவாசத்தின் வாசல்வரை அழைத்துவர அவர் விரும்பினார்.

இந்த நோக்கத்தை ஐயுறக் காரணமில்லை. ஆனால் நோக்கம் நல்லதாயிருப்பதால் மட்டும் நூல் நல்லதாகிவிடாது. அச்சம் ஒருவரை வாசல்வரை கொண்டுவரலாம். உள்ளே அமரவைக்குமா என்பதே கேள்வி.

கதைச் சுருக்கம்

வடக்கு ஈராக்கின் பழம்பெரும் இடிபாடுகளுக்கிடையே கதை தொடங்குகிறது. அகழாய்வு செய்யும் முதிய குரு மெரின், பழங்காலப் பேயுருவம் ஒன்றைக் கண்டு, தாம் முன்பு சந்தித்த பகைவனை மீண்டும் சந்திக்கவேண்டி வரும் என்று உணர்கிறார். அடுத்துக் காட்சி ஜார்ஜ்டவுனுக்கு மாறுகிறது. திரைப்பட நடிகை கிறிஸ் மக்நீல் தம் 11 வயது மகள் ரீகனுடன் அங்கே வாடகை வீட்டில் தங்கியிருக்கிறார். இறைநம்பிக்கை இல்லாதவர், மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். மாடியறைக் கூரையில் எலி ஓடுவதுபோன்ற ஓசை கேட்கிறது. படுக்கை அசைந்ததாகச் சிறுமி சொல்கிறாள். அவளுடைய பேச்சும் நடத்தையும் மாறுகின்றன. மருத்துவர் ஒருவர் மாற்றி ஒருவராக வருகிறார்; மூளையைப் படமெடுக்கிறார்கள்; மருந்துகள் தருகிறார்கள்; மனநல வல்லுநர்கள் பேசிப் பார்க்கிறார்கள். ஒன்றும் பயன்படவில்லை. அவ்வீட்டுக்கு வந்துபோகும் திரைப்பட இயக்குநர் ஒருவர், வீட்டருகே உள்ள செங்குத்தான படிகளின் அடியில் இறந்துகிடக்கிறார். துப்பறியும் அதிகாரி கிண்டர்மன் உள்ளே நுழைகிறார்.

செய்வதறியாத தாய், டேமியன் கரஸ் என்னும் இயேசு சபைக் குருவை நாடுகிறார். கரஸ் மனநல மருத்துவமும் கற்றவர். ஏழைத் தாயை நியூயார்க்கில் தனியே விட்டுவிட்டு வந்தவர். அத்தாய் மகன் அருகில் இல்லாமலே இறந்துபோகிறார். குற்றவுணர்வு அவரை அரிக்கிறது. பிறருடைய விசுவாசத்துக்குத் துணைநிற்க வேண்டியவர் தம் விசுவாசம் கரைந்துவருவதை அறிகிறார். முடிவில் ஆயரின் அனுமதி கிடைக்கிறது; மெரின் வரவழைக்கப்படுகிறார்; சடங்கு தொடங்குகிறது. அதன் நடுவிலேயே மெரின் இதயம் நின்று இறக்கிறார். கரஸ் அலகையைத் தம்முள் வரும்படி அறைகூவி அழைத்து, சாளரத்தின் வழியே பாய்ந்து, அதே படிகளில் விழுந்து உயிர்துறக்கிறார். சிறுமி நலமடைகிறாள்.

மதிக்கத்தக்கவை

முதலாவது, ஆசிரியரின் பொறுமை. மலிவான பேய்க்கதையில் மூன்றாம் பக்கத்திலேயே பேய் வந்துவிடும். இங்கே புதினத்தின் நான்கு பாகங்களில் கடைசிப் பாகத்தில்தான் பேயோட்டும் சடங்கு தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள பக்கங்களில் எல்லாம் ஐயமே ஆட்சி செய்கிறது. வாசகர் அஞ்சுவதற்கு முன் ஆராய்கிறார். ஆராய்ந்து வழி தீர்ந்தபின் அஞ்சுகிறார். விறுவிறுப்பு எப்படிக் கட்டப்படவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இரண்டாவது, திருச்சபையைப் பற்றிய சித்திரம். பேயோட்டும் சடங்கை முதலில் முன்மொழிவோர் மருத்துவர்கள். அதுவும், நோயாளி அதை நம்பினால் அந்நம்பிக்கையே மருந்தாகக்கூடும் என்ற கணக்கில். குருவாகிய கரஸோ தயங்குகிறார், மறுக்கிறார், சான்று கேட்கிறார். சாதாரணக் குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளிக்கிறார், சிறுமி துடிக்கிறாள், ஆகவே இது மனநோயாக இருக்கலாம் என்று முடிவுகட்டுகிறார். அறியாத மொழி என்று எண்ணி ஒலிப்பதிவு செய்த பேச்சு, ஆங்கிலத்தையே தலைகீழாகப் பேசியது என்று தெரியவருகிறது. இவை வெறும் கதைத் தந்திரங்கள் அல்ல. எளிதில் நம்பிவிடாதே என்று 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் குருவை எச்சரித்தது. கல்லாத மொழியைப் பேசுதல், தொலைவிலுள்ளதையும் மறைந்துள்ளதையும் வெளிப்படுத்துதல், வயதுக்கும் இயல்புக்கும் மீறிய வலிமை காட்டுதல் ஆகியவற்றை அடையாளங்களாகக் குறித்தது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், 1172ஆம் சட்டத்தில், ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் இச்சடங்கை நடத்தலாகாது என்றும், பக்தியும் அறிவும் முன்மதியும் நேர்மையும் உள்ள குருவுக்கே அவ்வனுமதி தரப்படவேண்டும் என்றும் கூறுகிறது. நோய் எது, அலகையின் செயல் எது என்று தெளிந்த பின்னரே சடங்கு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் வலியுறுத்துகிறது. ஒரு வணிகப் புதினம் இந்த முன்மதியைக் கதையின் முதுகெலும்பாக்கிக் கொண்டது பாராட்டுக்குரியது.

மூன்றாவது, கரஸ். இந்நூலின் உண்மையான கதை சிறுமியின் அறையில் நிகழவில்லை. இக்குருவின் உள்ளத்தில் நிகழ்கிறது. தாயைக் காண நியூயார்க் செல்லும் அவரிடம், சுரங்க இரயில் நிலையத்தில் குடித்து நாறும் பிச்சைக்காரர் ஒருவர், தாமும் முன்பு பீடச் சிறுவனாக இருந்ததாகச் சொல்லிக் கை நீட்டுகிறார். கரஸ் காசு கொடுக்கிறார். ஆனால் அம்மனிதரைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. அந்த நாற்றத்திலும் அழுக்கிலும் கிறிஸ்து எப்படி இருக்கமுடியும் என்று அவர் மனம் திகைக்கிறது. இது இரண்டே பக்கங்களில் முடிந்துவிடும் சிறு காட்சி. ஆயினும் பின்னால் வரும் அலகை, அந்தப் பிச்சைக்காரரின் குரலிலேயே கரஸிடம் பேசும்போது, பகைவன் எந்த வாசலைத் தட்டுகிறான் என்பது விளங்குகிறது. அவரைக் கடவுளிடமிருந்து பிரித்தது தத்துவச் சிக்கல் எதுவும் அன்று. துன்புறும் மனிதரின் அருவருப்பான தோற்றம்தான் அவர் விசுவாசத்தைத் தின்றது.

இதற்கு விடை நூலின் இதயமான ஓர் உரையாடலில் கிடைக்கிறது. சடங்கின் இடைவேளையில், இத்தனை கொடுமைக்கும் நோக்கம்தான் என்ன என்று கரஸ் கேட்கிறார். அலகையின் குறி அச்சிறுமி அல்லள், அவளைச் சுற்றி நின்று காணும் நாமே என்பது மெரின் தரும் விடை. மனிதர் வெறும் விலங்கு, அழுகல், கடவுளின் அன்புக்குத் தகுதியற்றவர் என்று நம்மை நம்பவைப்பதே அதன் வேலை. தம் வாழ்விலும் பிறரை அன்புசெய்ய இயலாது தவித்த காலம் உண்டென்று சொல்லும் மெரின், அன்பு உணர்ச்சியைச் சார்ந்ததன்று, விருப்பத்தைச் சார்ந்தது என்று தாம் கண்டுகொண்டதைப் பகிர்கிறார். அதற்கும் மேலாக ஒன்று சொல்கிறார்: அலகையின் பிடியைத் தாம் பெரும்பாலும் காண்பது சின்னஞ்சிறு காரியங்களில்தானாம். நண்பர்களுக்கிடையே, கணவன் மனைவிக்கிடையே நாவில் தாமாக எழும் குத்தல் மொழிகளிலும், காரணமற்ற காழ்ப்புகளிலும், தவறான புரிதல்களிலும் அதைக் காண்கிறாராம். இவை போதுமான அளவு சேர்ந்துவிட்டால், போர்களை நடத்த அலகையின் துணை நமக்குத் தேவையில்லை என்கிறார். தியானப் பிரசங்கத்தில் கேட்டு நெஞ்சில் தங்கியிருக்கவேண்டிய வார்த்தைகளை, திகில் கதை ஒன்றில் காண்கிறோம்.

திரைப்படம் 1973இல் வந்தபோது இந்த உரையாடல் அதில் இல்லை. ஓட்டத்தைத் தடுக்கும் என்று இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் வெட்டிவிட்டார். 2000ஆம் ஆண்டில் வந்த மறுபதிப்பில்தான் அது ஓரளவு திரும்பச் சேர்க்கப்பட்டது. ஆகவே இருபத்தேழு ஆண்டுகள் திரையில் இக்கதையைக் கண்டவர்கள், கேள்வியை மட்டும் கண்டு விடையைக் காணாமல் எழுந்துபோனார்கள். அச்சத்தை வெட்டாமல் பொருளை வெட்டினால் என்ன மிஞ்சும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மனம் ஒப்பாதவை

ஆனால் இதே குறையின் விதை நூலிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இங்கேதான் என் மனத்தாங்கல் தொடங்குகிறது.

அலகைக்கு எத்தனை பக்கம்? அன்புக்கு எத்தனை பக்கம்? எண்ணிப் பார்த்தால் தராசு பெரிதும் சாய்கிறது. வசை, ஆபாசம், தூயவற்றை இழிவுபடுத்துதல், உடலைச் சிதைத்தல் என்று ஆசிரியர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். சிலுவையை வைத்து எழுதப்பட்ட ஒரு காட்சியை இங்கே விவரிக்கக் கை கூசுகிறது. தீமையின் கொடுமை தெரியவேண்டாமா என்று கேட்கலாம். தெரியவேண்டும். ஆனால் ஒரு குழந்தையின் உடலைக் களமாக்கி, மீண்டும் மீண்டும் அதைக் காட்டும்போது, முதலில் இரங்கிய வாசகர் மெல்ல வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். அடுத்து என்ன நிகழுமோ என்ற ஆவல், இக்குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற கவலையை விழுங்குகிறது. அலகையின் குறி சுற்றி நிற்பவர்களே என்று மெரின் சொன்னாரல்லவா? சுற்றி நிற்பவருள் வாசகரும் ஒருவர். மனிதரை அருவருக்கச் செய்வதே பகைவனின் வேலை என்றால், அருவருப்பைப் பக்கம் பக்கமாக ஊட்டும் எழுத்து யாருடைய வேலையைச் செய்கிறது? மெரின் சொல்லிய உண்மையே நூலாசிரியருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது.

இரைச்சலுக்கு நடுவே ஒரு கணம் மட்டும் இதற்கு விலக்கு. மயங்கிக் கிடக்கும் சிறுமியின் தோலில், உள்ளிருந்து எழுதியதுபோல, உதவி கோரும் இரண்டு சொற்கள் எழும்புகின்றன. அத்தனை கூச்சலுக்கும் அடியில் அக்குழந்தை இன்னும் இருக்கிறாள், கேட்கிறாள், காத்திருக்கிறாள் என்று அறிகிறோம். முழு நூலிலும் ரீகன் தன் சொந்தக் குரலில் பேசும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் இந்த ஓசையற்ற இடமே உள்ளத்தைத் தொடுவது. பிளாட்டி இதை இன்னும் நம்பியிருக்கலாம். பத்துத் திகில் காட்சிகளைக் குறைத்து இப்படி ஒன்றைக் கூட்டியிருந்தால், நூல் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே அலைந்து, சங்கிலிகளை முறித்து, தன்னையே கற்களால் காயப்படுத்திக்கொண்ட மனிதரைப் பற்றிய அந்நிகழ்ச்சி இருபதே வசனங்களில் முடிகிறது. அலகை தன் பெயரை 'இலேகியோன்' என்று சொல்கிறது, சிறிது கெஞ்சுகிறது, போய்விடுகிறது. நற்செய்தியாளரின் கண் அதன்பின் அதைத் தேடவில்லை. ஆடை உடுத்தி, அறிவு தெளிந்து, இயேசுவின் அருகே அமர்ந்திருக்கும் மனிதர்மேல் அது நிலைக்கிறது. அவர் தம் வீட்டாரிடம் அனுப்பப்படுவதோடு நிகழ்ச்சி நிறைவடைகிறது. இதே நிகழ்ச்சியை லூக்கா கூறும் பகுதியைப் பிளாட்டி தம் நூலின் முகப்பில் பொறித்திருக்கிறார். கூடவே குற்றக் கும்பல் ஒன்றின் கொலைப் பேச்சையும், நாஜி வதைமுகாம்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார். மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமையே அலகையின் பெரிய கையெழுத்து என்று சொல்ல விரும்பினார் போலும். ஆனால் முகப்பைத் தாண்டி உள்ளே சென்றால், வதைமுகாம்கள் மறக்கப்பட்டு, ஒரு மாடியறையின் கதவே உலகமாகிவிடுகிறது. போதைக்கு அடிமையான மகளைத் தாயிடம் இறந்துவிட்டதாகச் சொல்லி மறைத்து, இரகசியமாகக் காத்துவரும் பணியாளர் கார்லின் கிளைக்கதை ஒன்றுதான் அந்த அகன்ற உலகத்தை நினைவூட்டுகிறது. அதற்கும் ஆசிரியர் போதிய இடம் தரவில்லை.

இன்னொரு குறையும் நம் நாட்டு வாசகருக்குப் படக்கூடும். தீமையின் முகமாக இந்நூல் காட்டுவது, பண்டைய மெசொப்பொத்தாமிய மக்கள் வணங்கியும் அஞ்சியும் வந்த பசூசு என்னும் உருவத்தை. காற்றின் தீய ஆவிகளுக்குத் தலைவனாக அம்மக்கள் அதைக் கருதியது உண்மை. ஆனால் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் கொல்வதாக நம்பப்பட்ட இலமாஷ்டு என்னும் மற்றொரு பேயை விரட்ட, அதே பசூசுவின் தலையை அவர்கள் தாயத்தாக அணிந்துகொண்டார்கள் என்று தொல்லியலார் கூறுகிறார்கள். குழந்தையைக் காக்க அம்மக்கள் கட்டிய உருவம், இங்கே குழந்தையைத் தின்னும் உருவமாக மாறிவிட்டது. பிறருடைய பழஞ்சமயத்தைப் பேயின் பிறப்பிடமாக எளிதில் காட்டிவிடும் பழக்கம், 1965இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடான 'நோஸ்திரா எத்தாத்தே' பிற சமயங்களை மதிப்போடு நோக்கக் கற்பித்த பின்னரும் போகவில்லை. பல சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழும் நாம் இதைக் கவனிக்காமல் கடக்கக்கூடாது.

பிரஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னனோஸ் 1926இல் எழுதிய 'சாத்தானின் கதிரவனின் கீழ்' என்ற புதினம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அதில் தொனிசான் என்னும் எளிய குரு இரவில் வழிதவறி நடக்கையில், குதிரை வணிகர் ஒருவர் சிரித்த முகத்தோடு உடன் நடந்து ஆறுதல் பேசுகிறார். அவர் யார் என்பது பிறகே புலப்படுகிறது. கட்டில் ஆடவில்லை, உறுமல் கேட்கவில்லை. களைத்தவனின் தோளில் நட்போடு கைபோடும் அலகை, கத்துகின்ற அலகையைவிடப் பன்மடங்கு அச்சந்தருவது. நம் அன்றாட வாழ்வில் அது வரும் வழியும் பெரும்பாலும் அதுவே.

சுவருக்கு அப்பால்

நூலின் முடிவில் ஒரு செய்தி என்னை நீண்ட நாள் சிந்திக்கவைத்தது. கரஸ் தம்மையே கையளிக்கும் அந்தக் கணத்தை நாம் நேரில் காண்பதில்லை. தாய் கிறிஸோடு கீழ்த்தளத்தில் நிற்கிறோம், மேலிருந்து குருவின் குரலும், கண்ணாடி உடையும் ஓசையும் கேட்கின்றன, அவ்வளவே. ஓடிவரும் நண்பர் டயர், பேசமுடியாத அவருக்குப் பாவமன்னிப்பு வழங்குகிறார். கரஸின் கை அவர் கையை மெல்ல அழுத்துகிறது. அலகையின் செயல்களை எல்லாம் விளக்கு வைத்துக் காட்டிய ஆசிரியர், தியாகத்தை மட்டும் சுவருக்கு அப்பால் வைத்துவிட்டாரே என்று முதலில் வருந்தினேன். அவர் உயிரை மாய்த்துக்கொண்டாரா, உயிரைக் கொடுத்தாரா என்ற குழப்பம் பலருக்கு எழுந்ததற்கு இதுவும் காரணம். முடிவில் அலகையே வென்றது என்று திரைப்படம் கண்டோர் எண்ணியது பிளாட்டியை மிகவும் வருத்தியது.

எனினும் இரண்டாம் வாசிப்பில் வேறொன்றும் தோன்றியது. மர்மம் என்பது ஒன்று. மறைபொருள் என்பது மற்றொன்று. மர்மம் விடுபட்டதும் தீர்ந்துபோகும். கொலையாளி யார் என்று தெரிந்தபின் துப்பறியும் கதையில் என்ன இருக்கிறது? மறைபொருளோ அறிய அறிய ஆழமாகும். அச்சத்தைக் காட்சியாக்கலாம்; அன்பின் உச்சத்தை அருகில் நின்று கேட்கத்தான் முடியும் என்று ஆசிரியர் தம்மை அறியாமலே உணர்ந்திருக்கலாம். இது அவருக்குக் கிடைத்த அருள் என்பேன். அடுத்து வரும் ஒரு சிறு உரையாடலும் அத்தகையதே. அலகை தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்வதால் அதை நம்ப முடிகிறது, கடவுளை நம்பத்தான் முடியவில்லை என்று கிறிஸ் சொல்ல, உலகிலுள்ள தீமையெல்லாம் அலகைக்குச் சான்று என்றால் உலகிலுள்ள நன்மைக்கு என்ன விளக்கம் என்று டயர் கேட்கிறார். நாவலின் முழு வாதமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும். இத்தனை நூறு பக்கத் திகிலுக்குப் பின் அது கேட்கப்படுவதால், களைத்த வாசகர் காதில் அது மெலிந்து ஒலிக்கிறது.

நமக்கு இதனால் என்ன?

இலக்கியத்தோடு இது முடிந்துவிட்டால் நன்று. ஆனால் முடிவதில்லை. 1976இல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில், வலிப்பு நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த 23 வயது மாணவி ஒருவர், ஆயரின் அனுமதியோடு நடந்த 67 பேயோட்டும் சடங்குகளுக்குப் பின், உண்ணாமல் உடல் மெலிந்து இறந்தார். அவருடைய பெற்றோரும் குருக்கள் இருவரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்தவர்கள் என்று 1978இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் கொடியவர்கள் அல்லர், அம்மகளை நேசித்தவர்கள். செபமும் இருந்தது, அனுமதியும் இருந்தது. மருத்துவரின் கை மட்டும் அந்த அறையில் இல்லை. பேயோட்டுதலுக்கான புதிய சடங்குமுறையைத் திருச்சபை 1999 சனவரியில் வெளியிட்டபோது, நோயை அலகையின் செயலெனக் கொள்ளாதவாறு எச்சரிக்கையை மீண்டும் வலியுறுத்தியது.

நம் திருத்தலங்களிலும் மனம் கலங்கிய பிள்ளைகளை அழைத்துவந்து மாதக்கணக்கில் தங்கிச் செபிக்கும் பெற்றோரைக் காண்கிறோம். அவர்களுடைய கண்ணீர் புனிதமானது. புனித அந்தோனியாரின் கெபிமுன் முழந்தாளிடும் தாயை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தாயிடம் மருத்துவரிடமும் செல்லுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்வதும் விசுவாசத்தின் கடமையே. இப்புதினத்தின் கரஸ் இதில் நமக்கு நல்ல ஆசான். அவர் மருத்துவராக ஐயுற்றார். குருவாக உடன் நின்றார். ஐயுற்றது விசுவாசக் குறைவால் என்று அவர் வருந்தினார். உண்மையில் அந்த ஐயமே அச்சிறுமிமீது அவர் கொண்ட மரியாதை.

அப்படியானால் இந்நூலைப் படிக்கலாமா? இளையோர் கையில் இதைக் கொடுக்கமாட்டேன். மனம் எளிதில் அலைக்கழியும் இயல்புடையவர்களுக்கும் பரிந்துரைக்கமாட்டேன். முதிர்ந்த வாசகர் படிக்கலாம். திகில் காட்சிகளை வேகமாகக் கடந்து, சுரங்க இரயில் நிலையத்துப் பிச்சைக்காரரிடமும், சடங்கின் இடைவேளையில் பேசும் மெரினிடமும் சற்று நின்று படிக்கவேண்டும். படித்து முடித்த இரவில் மாடியில் ஏதேனும் ஓசை கேட்குமோ என்று செவி கூர்மையாகும். அது சில நாட்களில் தணிந்துவிடும். வீட்டில் உள்ளவரிடம் அன்று மாலை என்ன தொனியில் பேசினோம் என்று கேட்டுக்கொள்ளும் அச்சம் தணியாமல் இருக்குமானால், பிளாட்டி விரும்பிய பயன் கிடைத்துவிட்டது எனலாம்.